டாக்டர் கேட்டது என்னை!

மகளுக்குத் தலைப்பிரசவம். மூணாவது மாசம் செக்கப்புக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு, "உங்க பிரசவத்துல பி.பி. இருந்ததாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

திக்கென்றது! இவளைச் சுமந்தபோது எட்டாம் மாசம் முகமெல்லாம் வீங்கி, கண் மங்கி, தலைவலியில் துடித்தேன். "புள்ளத்தாச்சின்னா வீங்கத்தான் செய்யும்"னு மாமியார் கஷாயம் கொடுத்தார். வலிப்பு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி! பொண்ணு பயப்படுவாளேன்னு இதுவரை மூச்சு விட்டதில்லை. அன்று சொன்னேன்.

"நல்லவேளை சொன்னீங்க!" என்றார் டாக்டர். அம்மாவுக்கோ அக்கா, தங்கைக்கோ வந்திருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகமாம். தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, 35 வயசுக்கு மேல் கர்ப்பம், அதிக எடை, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு... இவையும் ஆபத்தைக் கூட்டுமாம். 20 வாரத்துக்குப் பிறகு பி.பி. 140/90-ஐத் தொட்டால் உஷார். சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்க்கணும்.

மகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதினார். "யாரும் தானா வாங்கிப் போட்டுக்கக் கூடாது" என்று எச்சரிக்கை வேறு!

வெளியே வந்ததும் மகள் முறைத்தாள். "ஏம்மா, ஊர் வம்பெல்லாம் ஒண்ணு விடாம சொல்வே... இதைப் போய் மறைச்சுட்டியே!"

நியாயம்தானே? நீங்களும் உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க!