லினக்ஸுக்கு லேப்டாப் வாங்கும் முன்

லினக்ஸுக்கு மாற நினைப்பவர்கள் முதலில் கேட்பது, உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, லேப்டாப்புக்குள் எந்த நிறுவனத்தின் சில்லுகள் இருக்கின்றன என்பது. உபுண்டு, மின்ட், ஃபெடோரா எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். வைஃபை, ஒலி, திரை ஆகியவற்றுக்கான டிரைவர்களில் பெரும்பாலானவை அந்தக் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. புதிய சில்லுக்கான டிரைவர் கெர்னலில் இடம்பெற்று, அந்தக் கெர்னல் நாம் நிறுவும் பதிப்புக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆகலாம். அதனால் லினக்ஸுக்கு நேற்று வெளியான மாடலைவிட, சந்தைக்கு வந்து ஓரிரு ஆண்டுகள் கடந்த லேப்டாப்பே நல்லது என்பேன். புத்தம்புது மாடல்தான் வேண்டும் என்றால், ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடும் ஃபெடோராவைப் பாருங்கள்.

சில்லுகளில் அதிகம் தொல்லை தருவது வைஃபைதான். இன்டெல் நிறுவனம் தன் வைஃபை சில்லுகளுக்கான டிரைவரைத் தானே எழுதிக் கெர்னலில் சேர்த்துவிடுகிறது. பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்கி நிறுவ வேண்டும்; வைஃபையே இல்லாதபோது எப்படி இறக்குவது? புதிதாக வருபவர்கள் மனம் வெறுத்துப்போகும் இடம் இதுதான். கிராபிக்ஸில் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் பெரும்பாலும் நிறுவியவுடனே இயங்கும். என்விடியாவின் முழுத் திறனும் கிடைக்க, வழக்கமாக அந்நிறுவனத்தின் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ செய்யாதவர்களுக்கு என்விடியாவே தேவையில்லை.

பழைய லேப்டாப் மெதுவாக இருக்குமே என்பார்கள். அந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் சுழலும் ஹார்டு டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்தி, ரேமை 8 ஜிபி ஆக்கினால் அன்றாட வேலைகளுக்குத் தாராளம். லினக்ஸ் மின்ட் கேட்பதே குறைந்தது 2 ஜிபி, வசதியாக இயங்க 4 ஜிபிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்கிறது. இந்த வரம்புக்கு வெளியே நின்றுவிட்ட நல்ல லேப்டாப்புகளை மின்கழிவாக்குவது அநியாயம். அலுவலகங்கள் கழித்துவிடும் திங்க்பேட், லேட்டிட்யூட் வகைகளில் ரேமையும் டிஸ்க்கையும் எளிதாக மாற்றக்கூடிய மாடல்கள் பல உண்டு.

மென்பொருள் பற்றிய தயக்கத்தில்தான் உண்மை இருக்கிறது. டேலி, போட்டோஷாப் இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. பிழைப்பே அவற்றில் நடக்கிறது என்றால் விண்டோஸை விட வேண்டாம். கடிதம், கணக்குத்தாள், இணையம், சினிமா என்று இருப்பவர்களுக்கு லிப்ரேஆபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் விஎல்சியும் போதும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் பணம் கொடுக்கும் முன், லினக்ஸ் மின்ட் ஏற்றிய பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை இயக்கிப் பாருங்கள்; நிறுவாமலே இயங்கும், உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாது. வைஃபை பட்டியல் வருகிறதா, ஒலி கேட்கிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்பதையும் சோதியுங்கள். இவ்வளவும் பார்க்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்குக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.