திருப்பலி இல்லாத கிறிஸ்து பிறப்பு விழா



மறைபரப்பு ஞாயிறு என்றதும் நம் மனக்கண்ணில் ஒரு படம் தோன்றும். வெள்ளை அங்கியில் ஒரு குருவானவர், சுற்றிலும் மக்கள், நடுவே திருமுழுக்குத் தண்ணீர். முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் கை ஓய்ந்துபோகும் அளவுக்குத் திருமுழுக்குக் கொடுத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்துக்குள் அடங்காத ஒரு மறைபணியாளரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

2022 மே 15 அன்று உரோமையில் நம் தேவசகாயம் புனிதராக உயர்த்தப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அன்று அறிவிக்கப்பட்டவர்கள் மொத்தம் பத்துப் பேர். நம்மவர் பெயருக்குக் காத்திருந்த ஆவலில் மற்ற ஒன்பது பெயர்களை நாம் கவனித்திருக்க மாட்டோம். அவற்றுள் ஒன்று சார்லஸ் தெ ஃபூக்கோ.

1858-இல் பிரான்சில் பிறந்தவர். சிறுவயதில் பெற்றோரை இழந்தார். வாலிபத்தில் விசுவாசத்தையும் இழந்தார். இராணுவ அதிகாரியானார். யூதராக வேடமிட்டு மொராக்கோ நாட்டைச் சுற்றி வந்தார். அங்கே இஸ்லாமியர் இறைவேண்டல் செய்வதைக் கண்டது அவர் உள்ளத்தை அசைத்தது. 1886-இல் பாரிசில் ஒரு குருவிடம் ஒப்புரவு அருளடையாளம் பெற்றுத் திருச்சபைக்குத் திரும்பினார். திராப்பிஸ்து துறவு மடத்தில் சில ஆண்டுகள், நாசரேத்தில் அருட்சகோதரிகளின் மடத்தில் வேலைக்காரராகச் சில ஆண்டுகள். 1901-இல் குருவானார். அதே ஆண்டு அல்ஜீரியாவின் பாலைவனத்தில் பெனி அப்பெஸ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது? அமைதியாகத் தியானத்தில் அமர்ந்திருப்பார் என்றுதானே நினைப்போம். கதவைத் தட்டுகிறவர்கள் ஓயவில்லை. ஏழைகள், வழிப்போக்கர்கள், நோயாளிகள், படைவீரர்கள், அடிமைகள் என்று ஒரு நாளைக்கு 60 முதல் 100 பேர்வரை வந்ததாக அவரே கடிதத்தில் எழுதுகிறார். இரவில் விருந்தாளிகள் தங்குவார்கள். காலையில் அவர்களுக்கும் உணவு வேண்டும். செபத்துக்கு நேரத்தைத் திருடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டுப் பெருமூச்சு விடும் தாய்மார்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அடிமைகள் சிலரை அவர் விலை கொடுத்து மீட்டார். பிரெஞ்சு அதிகாரிகள் அடிமை முறையைக் கண்டும் காணாமல் இருந்ததைக் கண்டித்து எழுதினார்.

1905-இல் இன்னும் தெற்கே, ஹொகார் மலைப்பகுதியில் உள்ள தமன்ராசெத்துக்குப் போனார். இன்று அது ஒரு நகரம். அன்று ஏறத்தாழ இருபது குடிசைகள்தான். இன்னொரு குருவைப் பார்க்க வேண்டுமென்றால் ஒட்டகத்தில் வாரக்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். கல்லாலும் மண்ணாலும் ஒடுக்கமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். நாளின் பெரும்பகுதி துவாரெக் மக்களின் மொழியைக் கற்பதில் கழிந்தது. ஊர் மக்களைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதினார். அவர்களுடைய பாடல்களைத் திரட்டினார். அவர் தொகுத்த அகராதி, இறந்தபின் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. இடையிடையே மருந்து கொடுப்பார், ஊசி போன்ற சிறு பொருள்களைக் கொடுப்பார். மறையுரை ஆற்றவில்லை, கேட்க யாரும் இல்லை.

இங்கேதான் அவருடைய பெரிய சோதனை. உதவியாளர் ஒருவராவது இல்லாமல் குரு திருப்பலி நிறைவேற்றக் கூடாது என்பது அக்காலத் திருச்சபை ஒழுங்கு. காரணம் இல்லாத சட்டம் அல்ல அது. திருப்பலி குருவின் தனிப்பட்ட பக்தி முயற்சி அல்ல, திருச்சபை முழுவதன் செயல். ஆகவே பதில் சொல்ல ஒருவராவது வேண்டும். தமன்ராசெத்தில் அந்த ஒருவர் இல்லை. திருப்பலி வேண்டுமானால் மக்களை விட்டுப் போக வேண்டும். மக்களோடு இருந்தால் திருப்பலி இல்லை. நற்கருணைமுன் மணிக்கணக்காக முழந்தாளில் நின்றவர் அவர். மற்ற எதையும்விட அதையே மேலாக மதித்தவர். அவர் என்ன செய்தார்? இருந்துவிட்டார். திருத்தூதர் காலத்திலிருந்தே பெரிய புனிதர்கள் பிறரன்புப் பணிக்காகத் திருப்பலி வாய்ப்பையும் சில வேளைகளில் விட்டுக்கொடுத்தார்கள் என்று தம் தலைவருக்கு எழுதினார். தனியாக நிறைவேற்ற உரோமையிலிருந்து அனுமதியும் கேட்டிருந்தார். பதில் வரவில்லை. 1907 கிறிஸ்து பிறப்பு விழா, மனம்திரும்பியபின் 21 ஆண்டுகளில் திருப்பலி இல்லாமல் வந்த முதல் பெருவிழா.

அந்த ஆண்டு கொடிய பஞ்சம். 17 மாதமாக மழை இல்லை. ஆடுகளின் மடி வற்றிவிட்டது. தம்மிடமிருந்த தானியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தார். 1908 சனவரியில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார். அதுவரை கொடுக்கிறவர் அவர், வாங்குகிறவர்கள் ஊரார். இப்போது நிலைமை மாறியது. தங்களுக்கே இல்லாத நேரத்தில், நாலு கிலோமீட்டர் வட்டாரத்தில் கொஞ்சமாவது பால் இருந்த ஆடுகளையெல்லாம் தேடிக் கறந்து வந்து அவருக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாலால் பிழைத்தார். அவர் உண்மையாக அந்த ஊர்க்காரர் ஆனது அந்த நாட்களில்தான் என்பது என் எண்ணம். அயலாருக்கு உதவி செய்ய நாம் முந்திக்கொள்கிறோம். அவர்கள் கையிலிருந்து வாங்கக் கூசுகிறோம். அண்டை வீட்டுப் பண்டிகைப் பலகாரத்தை வாசலிலேயே மறுக்கிற வீடுகள் நம் பங்கிலும் உண்டு. அவர்களோடு நாம் உறவா, தூரமா?

அந்த மாத இறுதியில் உரோமையின் அனுமதி வந்து சேர்ந்தது. ஆனால் நற்கருணையைத் தம் சிற்றாலயத்தில் வைத்துக்கொள்ள அவர் இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிரெஞ்சு ஆட்சி அம்மக்களுக்கு நன்மை என்று நம்பினார். படை அதிகாரிகளோடு நெருக்கமாக இருந்தார். பலர் அதைக் குறை கூறுகிறார்கள். அதில் நியாயம் உண்டு. கணக்குப் பார்த்தாலும் கை வெறுமைதான். அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர் ஒழுங்குகள் எழுதி வைத்த துறவுக் குழுமத்தில் அவரோடு சேர்ந்து நிலைத்து வாழ ஒருவரும் வரவில்லை. அவர் வழியில் இயேசுவின் சிறிய சகோதரர்கள் சபை தொடங்கியது 1933-இல்.

1916 டிசம்பர் 1, உலகப்போர்க் காலம். அவரைப் பிணையாகப் பிடிக்க ஆயுதம் தாங்கிய சிலர் வந்தார்கள். குழப்பத்தில் காவல் நின்ற இளைஞன் பதறிச் சுட்டுவிட்டான். சில வாரங்கள் கழித்து வந்த ஒரு படை அதிகாரி, வீட்டருகே மணலில் கிடந்த சிறிய கதிர்ப்பாத்திரம் ஒன்றைக் கண்டெடுத்தார். அதனுள் நற்கருணை அப்பம் அப்படியே இருந்தது.