கார்னூஸ்டி புல்வெளியும் சீனத்து விருந்தாளிகளும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில், டண்டீ நகரத்திலிருந்து ரயிலேறினால் கால் மணி நேரத்தில் வந்துவிடும் ஊர் கார்னூஸ்டி. பதினோராயிரம் பேர் வாழ்கிறார்கள். ஊரை ஒட்டிய கடலோரப் புல்வெளியில் மூன்று கோல்ஃப் மைதானங்கள். அவற்றில் பெரியதான சாம்பியன்ஷிப் மைதானத்தில், உலகின் மிகப் பழைய கோல்ஃப் பந்தயமான ஓப்பன் போட்டி 1931 முதல் 2018 வரை 8 முறை நடந்திருக்கிறது. இவ்வளவு புகழ்பெற்ற நிலத்தின் உரிமையாளர் ஆங்கஸ் வட்டாரத்தின் உள்ளாட்சி மன்றமான ஆங்கஸ் கவுன்சில். குப்பை அள்ளுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் சாலைக் குழிகளை அடைப்பதும் அதன் அன்றாட வேலைகள். மைதானங்களைப் பராமரித்து ஆட்டம் நடத்தும் நிர்வாகக் குழு, கவுன்சிலிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் நடத்துகிறது. இந்தக் கவுன்சில் சீனச் சுற்றுலாப் பயணியைக் கோல்ஃப் ஆட வரும்படி அழைக்கிறது. ஓர் உள்ளாட்சி மன்றம் இதற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்விக்கான பதில் இந்த உரிமையில் தொடங்குகிறது.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையில் கிடந்த மணல்மேட்டு நிலம் அது. உழவுக்கு உதவாது, ஆடு மேயும், முயல் வளை தோண்டும். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கைப் போல ஊரார் எல்லாரும் புழங்கிய இடம். அங்கே 16ஆம் நூற்றாண்டிலேயே பந்தடித்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. தே நதிக்குத் தெற்கே செயின்ட் ஆண்ட்ரூஸிலும் இதே கதைதான். ஊர்ப் புல்வெளியில் விளையாடும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதை 1552இல் ஒரு பேராயரின் சாசனமே ஒப்புக்கொண்டது. கார்னூஸ்டி நிலம் மட்டும் டல்ஹௌஸி பிரபுவின் குடும்பச் சொத்தாக இருந்தது. 1890இல் அவர் அதை ஊருக்கு விற்க முன்வந்தபோது ஊராட்சியின் கஜானாவில் பணமில்லை. ஊர்மக்கள் நிதி திரட்டிக் கொடுத்து வாங்க வைத்தார்கள். இன்றும் உள்ளூர்க்காரர் ஆண்டுச் சந்தா ஒன்றைக் கட்டிவிட்டு அங்கே ஆடலாம். வெளியூர்க்காரருக்கோ சீசனில் ஓர் ஆட்டத்துக்கே 300 பவுண்டுக்கு மேல் ஆகிறது. உள்ளூர்க்காரரின் மலிவு ஆட்டத்துக்கு வெளியூர்க்காரரின் பணம் முட்டுக்கொடுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

வெளியூர்க்காரர் என்றால் பெரும்பாலும் அமெரிக்கர். அதற்கும் பழைய காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கார்னூஸ்டி இளைஞர்கள் பலர் கோல்ஃப் பயிற்சியாளர்களாக அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். வில்லி ஸ்மித் 1899இலும், அவருடைய அண்ணன் அலெக்ஸ் 1906, 1910 ஆண்டுகளிலும் அமெரிக்க ஓப்பனை வென்றார்கள். பாபி ஜோன்ஸ் என்ற மேதை சிறுவயதில் பார்த்துப் பழகியது கார்னூஸ்டிக்காரரான ஸ்டூவர்ட் மெய்டனின் ஆட்டத்தை. 1953இல் அமெரிக்கரான பென் ஹோகன் வந்து ஓப்பன் கோப்பையை எடுத்துக்கொண்டு போன பிறகு அமெரிக்கர்கள் யாத்திரை போல வரத் தொடங்கினார்கள். ஒரே நாட்டை நம்பிப் பிழைக்கும் தொழிலில் ஓர் ஆபத்து உண்டு. டாலர் சரிந்தால், விமானங்கள் நின்றால், ஊரே படுத்துவிடும். வேறு சந்தை தேடும் எவருக்கும் சீனா கண்ணில் படாமல் போகாது.

ஆங்கஸுக்குச் சீனாவில் ஏற்கெனவே ஒரு கதவு திறந்திருந்தது. ஷாண்டோங் மாகாணத்தின் துறைமுக நகரமான யான்டாய் அதன் சகோதர நகரம். சுமார் 70 லட்சம் பேர் வாழும் யான்டாய்க்கும், மொத்தமே ஒன்றேகால் லட்சத்தைத் தொடாத ஆங்கஸுக்கும் என்ன பொருத்தம் என்று கேட்கலாம். யான்டாய் ஆப்பிளுக்கும், 1892இல் தொடங்கிய சாங்யூ ஒயினுக்கும் பேர்போனது; ஆங்கஸில் ராஸ்ப்பெரியும் விஸ்கியும். இரண்டுக்கும் கடற்கரை உண்டு. யான்டாயைச் சேர்ந்த லோங்கோவில் நான்ஷான் குழுமம் பிரம்மாண்டமான கோல்ஃப் வளாகம் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறது. சகோதர நகர ஒப்பந்தங்கள் பல, கைகுலுக்கும் புகைப்படத்தோடு அலமாரிக்குள் போய்விடுபவை. பேசிக்கொள்ள இரு தரப்புக்கும் தெரிந்த பொருள் ஒன்று இருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். இங்கே அந்தப் பொருள் கோல்ஃப்.

ஆனால் சீனாவில் கோல்ஃப் அவ்வளவு சாதாரண விளையாட்டல்ல. 1949க்குப் பின் அது முதலாளிகளின் பொழுதுபோக்கு என்று ஒழித்துக்கட்டப்பட்டது. நாட்டின் முதல் நவீன மைதானம், ஆர்னால்ட் பாமர் வடிவமைத்த சோங்ஷான் வெந்நீரூற்று கோல்ஃப் கிளப், 1984இல்தான் திறந்தது. அடுத்த இருபதே ஆண்டுகளில் ஷென்ஜென் அருகே மிஷன் ஹில்ஸ் வளாகம் பல மைதானங்களாக வளர்ந்து 2004இல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அதே ஆண்டில் பெய்ஜிங் புதிய மைதானங்களுக்குத் தடை போட்டது. விளைநிலமும் தண்ணீரும் வீணாகின்றன என்பது காரணம். தடைக்குப் பிறகுதான் மைதானங்கள் பல மடங்கு பெருகின என்பது வேடிக்கை. கோல்ஃப் என்ற சொல்லே வராமல் விளையாட்டுப் பூங்கா, பசுமைத் திட்டம் என்ற பெயர்களில் உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்தார்கள். மைதானத்தைச் சுற்றி எழுந்த பங்களாக்கள் விற்ற விலையில் எல்லாருக்கும் லாபம்.

ஷி ஜின்பிங் ஆட்சியின் ஊழல் ஒழிப்பு வந்தபோது கணக்கு தீர்க்கப்பட்டது. 2015 அக்டோபரில் வெளியான கட்சி ஒழுங்கு விதிகளில், உறுப்பினர்கள் விதிமீறி கோல்ஃப் கிளப் அட்டை பெறுவதும் வைத்திருப்பதும் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. சில மாதங்களில் கட்சியின் ஒழுங்குத் துறைப் பத்திரிகை, கோல்ஃப் ஆடுவது தன்னளவில் தவறில்லை, அடுத்தவர் காசில் ஆடுவதுதான் தவறு என்று விளக்கம் தர வேண்டியதாயிற்று. 2017 ஜனவரியில் அரசு 111 மைதானங்களை மூடியதாக அறிவித்தது. இன்னொரு பக்கம், 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோல்ஃப் திரும்பி வந்தபோது வெண்கலம் வென்ற ஃபெங் ஷான்ஷானை அதே அரசு கொண்டாடியது. 2017 ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் 63 அடிகளில் ஆட்டத்தை முடித்து மூன்றாமிடம் பிடித்தார் லி ஹாவோடோங். 2023இல் யின் ருவோநிங் பெண்களுக்கான பெரும்போட்டி ஒன்றை வென்றார். பதக்கம் வாங்கும் வீரருக்கு மரியாதை, மட்டையோடு அகப்படும் அதிகாரிக்குத் தண்டனை என்ற நிலையில், வசதியுள்ள சீனத் தொழிலதிபருக்கு வெளிநாட்டு மைதானம் இரட்டை நிம்மதி. அங்கே ஆட்டமும் உண்டு, யாரும் அட்டை கேட்பதும் இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை.

இருந்தாலும் ஸ்காட்லாந்துக்கு வரும் சீனர்களில் மட்டை பிடிப்பவர் சிலரே. பெரும்பாலோர் எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி என்று பேருந்தில் சுற்றி, செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு மணி நேரம் இறங்குபவர்கள். அங்கே பழைய மைதானத்தின் கடைசிக் குழிக்குப் போகும் வழியில் ஸ்வில்கன் என்ற குட்டிக் கல்பாலம் இருக்கிறது. அதில் நின்று படம் எடுத்துக்கொண்டால் வந்த காரியம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை. நாயோடு நடப்பவர், குழந்தைகள், கேமராவோடு வரும் பயணிகள் என்று யார் வேண்டுமானாலும் புல்லில் நடக்கலாம். ஊருக்கு இவர்களால் கிடைப்பது ஒரு காபி, ஒரு தொப்பி விற்ற காசு. கோல்ஃப் ஆட வருபவர் அப்படியல்ல. ஓர் ஆட்டம் நான்கு, நான்கரை மணி நேரம் பிடிக்கும். வந்தவர் இரவு தங்குவார், மறுநாள் வேறொரு மைதானம் தேடுவார். கவுன்சிலின் கண் இருப்பது இந்த இரண்டாவது ஆளின் மீது.

அவரை வரவழைக்கும் வழிமுறைகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. சீனாவில் நடக்கும் கோல்ஃப் கண்காட்சிகளில் கடை விரிப்பது, சுற்றுலா முகவர்களையும் பத்திரிகையாளர்களையும் சொந்தச் செலவில் அழைத்து வந்து ஆட வைப்பது, சீனச் சமூக ஊடகங்களான வீசாட்டிலும் வெய்போவிலும் சீன மொழிக் கணக்கு தொடங்குவது. 2018 ஜூனில் ஹைனான் ஏர்லைன்ஸ் பெய்ஜிங்–எடின்பரோ நேரடி விமானத்தைத் தொடங்கியது இப்படி அழைப்பவர்களுக்குப் பெரிய தெம்பு. அடுத்த மாதமே கார்னூஸ்டியில் ஓப்பன். 1,72,000 பேர் திரண்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

வந்து இறங்கும் சீன ஆட்டக்காரருக்குப் பல அதிர்ச்சிகள் காத்திருக்கும். சீன மைதானங்கள் பலவற்றில் கேடி எனப்படும் மட்டை தூக்கும் உதவியாளர் இல்லாமல் ஆட விடமாட்டார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், பந்தைத் தேடுவதும் தூரம் சொல்வதும் வண்டி ஓட்டுவதும் அவர்களே. ஆட்டம் முடிந்தால் குளியல், பெரிய வட்ட மேசையில் சாப்பாடு. கார்னூஸ்டியிலோ நடந்துதான் ஆட வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தாலொழிய வண்டி எளிதில் கிடைக்காது. கேடி வேண்டுமானால் முன்பே சொல்லி வைத்து, ரொக்கமாகக் கூலி தர வேண்டும். மரமோ நிழலோ அதிகம் கிடையாது. வட கடல் காற்று பந்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். பக்கத்து ராணுவப் பயிற்சித் திடலிலிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்கும். மறுபக்கம் ரயில் ஓடும். அந்த ரயில் பாதையில் ‘கோல்ஃப் ஸ்ட்ரீட்’ என்றே ஒரு நிலையம் உண்டு. பேரைப் பார்த்து அதை நம்பி வருகிறவர் ஏமாறுவார். நாளுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ரயில்களே அங்கே நிற்கும்.

இதையெல்லாம் குறையாக நினைத்து மறைப்பதைவிட, அதையே சரக்காக விற்பது கெட்டிக்காரத்தனம். கடைசிக் குழியின் குறுக்கே பாம்பு போல வளைந்து ஓடும் பாரி ஓடைக்கு இன்று தனி மவுசு. 1999 ஓப்பனில் மூன்று ஸ்ட்ரோக் முன்னிலையோடு அங்கே வந்த பிரெஞ்சுக்காரர் ழான் வான் டி வெல்ட், பந்து ஓடைக்குள் விழுந்ததும் காலணியைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். கோப்பை பால் லாரிக்குப் போனது. ஷென்ஜென் மைதானத்தில் எத்தனை கோடி கொட்டினாலும் இப்படியொரு ஓடை கிடைக்காது.

பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் கவுன்சிலின் நிலை கொஞ்சம் பரிதாபமானது. பயணி தரும் ஆட்டக் கட்டணம் மைதானத்தின் பராமரிப்புக்கு, அறை வாடகை ஓட்டலுக்கு, விசா கட்டணம் லண்டனுக்கு. சாலையும் கழிப்பறையும் கார் நிறுத்துமிடமும் கவுன்சிலின் செலவு. வேலைவாய்ப்பு, குத்தகை என்று சுற்றி வருவதே அதன் வரவு. 2024இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், தங்கும் கட்டணத்தில் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பயணி வரியாக வசூலிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. எடின்பரோ முதலில் அதைக் கையில் எடுத்தது. அறை நிரம்பினால்தான் வரி என்பதால், ஒரு மணி நேரப் பேருந்துப் பயணியைவிட மூன்று இரவு தங்கும் கோல்ஃப்காரர் உள்ளாட்சிகளுக்கு இனி இன்னும் வேண்டியவர்.

சாம்பியன்ஷிப் மைதானத்தில் வெளியூர்க்காரருக்கான கோடைக்கால நேரங்களைப் பெரும்பாலும் அமெரிக்கர்கள் ஓராண்டுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் முன்பதிவு கிடைக்காதவருக்குக் குலுக்கல்தான் வழி. எனவே புதிதாக வரும் சீனக் குழுவுக்கு இடம் ஒதுக்க வேண்டுமானால் அது சுற்றுவட்டாரத்தில்தான் சாத்தியம். ‘கார்னூஸ்டி கன்ட்ரி’ என்ற பெயரில் முப்பதுக்கும் மேற்பட்ட மைதானங்களை ஒன்றாகக் கட்டி விளம்பரம் செய்வதன் நோக்கமும் அதுவே. 1953 வெற்றிக்கு முன் ஹோகன் ஒதுங்கிப் பயிற்சி செய்த பான்மூர், 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஆட்டம் நடக்கும் மான்ட்ரோஸ், மலையடிவாரத்து எட்ஸல் ஆகியவற்றில் கட்டணம் குறைவு, நேரமும் கிடைக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்கூட ஆடலாம். பெயர் கேள்விப்படாத மைதானத்துக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வர யாரும் கிளம்ப மாட்டார்கள். கார்னூஸ்டியில் ஓர் ஆட்டம், மற்றவற்றில் இரண்டு என்று சேர்த்துத்தான் முகவர்கள் விற்கிறார்கள். அந்த ஓர் ஆட்டத்தை எத்தனை சீனக் குழுக்களுக்கு ஒதுக்க முடியும் என்பதைக் கவுன்சிலால் தீர்மானிக்க முடியாது. நேரப் பட்டியல் நிர்வாகக் குழுவின் கையில். அதில் முதல் உரிமை சந்தா கட்டிய உள்ளூர்க்காரருக்கு.