மாயக் குகையும் தங்கச் சுரங்கமும்

மாயாஜாலப் படங்களில் மனத்தைப் பறிகொடுப்போரை உலகமறியாதவர் என்று எள்ளி நகையாடுவோர் உளர். கோலார் தங்கவயலை எண்ணிப் பார்த்தால் இக்கூற்றுப் பொருந்தாது என்பது விளங்கும்.

வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அங்கே தலைமுறை தலைமுறையாகச் சுரங்கத்தில் உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். வெப்பமும், பாறை வெடிப்பும், நுரையீரலை அரிக்கும் தூசியுமே அவர்கள் அறிந்த பாதாள உலகம்.

1956-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்னும் படத்தை வண்ணத்தில் வெளியிட்டனர். அதில் ஒரு சொல்லுக்குக் குகை திறக்கிறது. ஏழை விறகுவெட்டி பொன்னை அள்ளி வீட்டிற்குக் கொணர்கிறான். தங்கவயலிலோ வெடிமருந்து வைத்தாலன்றிப் பாறை திறவாது. பிற்காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்தது சில கிராம் பொன்னே. அதுவும் வெட்டியவனுக்கு உரியதன்று.

இத்தகைய காட்சியைச் சுரங்கத் தொழிலாளி ஒருவன் விரும்பினால், அது மெய்யுலகை மறந்ததனால் அன்று; அதில் எது குறைகிறது என்பதை நன்கறிந்ததனால். குகை திறக்கையில் அவன் கைதட்டுவது, உழைப்பாளியின் கைக்குப் பொன் சேரக் கண்ட மகிழ்ச்சியினாலேயே எனலாம்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயல் மக்கள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

அயல் மாநிலங்களில் வாழும் நேயர்களே! உங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியில் மாயக்கதை கண்டு மெய்ம்மறந்திருந்தால் கடியாதீர்கள். அக்கதையில் எது இனித்தது என்று கேளுங்கள். அவர்கள் வாழ்வில் எதற்கு ஏங்குகின்றனர் என்பது அவ்விடையில் புலப்படும்.