ஊரே சாட்சி! அந்தக் காலத்துக் கிராமத்துக் கல்யாண அதிசயங்கள் – தெரியுமா உங்களுக்கு?

பதிவு அலுவலகம் இல்லை, சான்றிதழ் இல்லை, போட்டோ இல்லை, வீடியோ இல்லை. அப்புறம் எப்படி அந்தக் காலத்துக் கிராமங்களில் ஒரு கல்யாணம் தலைமுறை தலைமுறையாகச் செல்லுபடியானது? ஒவ்வொரு சடங்கிலும் ஒரு சாட்சியைக் கட்டிப்போட்டிருந்தார்கள் நம் முன்னோர்! வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தாலி இல்லாத கல்யாணம் தெரியுமா?
அகநானூற்றின் 86-ஆம் பாடல் ஒரு சங்ககாலக் கல்யாணத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. உளுந்து போட்டுக் குழைய வேகவைத்த பொங்கல், வரிசையாகக் கால் நட்ட பந்தல், புதுமணல் பரப்பிய தரை, சந்திரன் ரோகிணியோடு சேர்ந்த விடியற்காலை. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரை மணப்பெண்ணின் தலையில் ஊற்றி வாழ்த்துகிறார்கள். அந்தப் பாட்டில் தாலி கட்டுவதும் இல்லை, தீவலம் வருவதும் இல்லை!

வெற்றிலை மாற்றினால் பாதிக் கல்யாணம் முடிந்தது, தெரியுமா?
நிச்சயதாம்பூலத்தன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தட்டு மாற்றிவிட்டால் சொன்ன சொல் சொன்னதுதான். கொங்கு நாட்டில் இதற்கு உப்பும் சர்க்கரையும் வேண்டும். ‘உப்புச் சர்க்கரை மாற்றுதல்’ என்றே அதற்குப் பெயர்!

பணம் கொடுத்தது மாப்பிள்ளை வீடு, தெரியுமா?
ஆமாம்! கிராமத்துச் சமூகங்கள் பலவற்றில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட்டார்கள். வரதட்சணை பிற்பாடு பரவி, கடைசியில் அதைத் தடுக்க 1961-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று.

ஆயுதம் கைமாறிய கல்யாணம் தெரியுமா?
கள்ளர் சமூகக் கல்யாணங்களில் இரு வீட்டாரும் வளைதடியை மாற்றிக்கொண்ட வழக்கத்தை ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். வளைதடி என்றால் வளரி. வேட்டைக்கும் சண்டைக்கும் எறிந்த அதே வளரி, சம்பந்தத்துக்கும் அச்சாரம் ஆனது!

மூன்று முடிச்சில் மாப்பிள்ளை போடுவது ஒன்றுதான், தெரியுமா?
பல ஊர்களில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு! வந்த பெண்ணுக்கு நாளைக்கு ஒரு குறை வந்தால், முடிச்சுப் போட்டவளும் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கல்யாணத்தை நடத்திவைத்தது யார், தெரியுமா?
கொங்கு வேளாளர் கல்யாணங்களில் சீர்களைச் செய்துவைப்பவர் அருமைக்காரர். மங்கல வாழ்த்துப் பாடுபவரோ நாவிதர்! அந்த வாழ்த்தைக் கம்பரே இயற்றித் தந்தார் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. பந்தலுக்கு மேற்கட்டி கட்ட வண்ணார், சடங்குக்கான அரசாணிப் பானை வனையக் குயவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. உழைப்பெல்லாம் நாவிதர், வண்ணார், குயவர் ஆகியோருடையது. ஆனால் பந்தியில் சமமாக உட்கார இடம் மட்டும் பெரும்பாலும் கிடைத்ததில்லை. இதையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு எழுத்து ஒப்பந்தம் தெரியுமா?
செட்டிநாட்டு நகரத்தார் அப்போதே இரு வீட்டாரும் ஒப்பி ‘இசைகுடிமானம்’ எழுதினார்கள், அதுவும் ஓலையில்! இவர்களுக்கு ஒன்பது கோயில் பிரிவுகள். கோயிலிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம் கல்யாணம். கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் கோயில் கணக்கில் ஒரே ‘புள்ளி’!

கேட்கப்படாத ஒரு சாட்சி தெரியுமா?
இத்தனை பேரைச் சாட்சி வைத்தார்கள். ஆனால் பல வீடுகளில் மணப்பெண்ணை மட்டும் யாரும் கேட்கவில்லை. சம்மதம் கேட்கிற வயதில்கூட அவள் இல்லை! 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று கல்யாண வயதுக்கு முதல் வரம்பு கட்டியது. 1978-ல்தான் அது 18, 21 ஆனது. அந்தக் காலத்தை எவ்வளவு கொண்டாடினாலும், இந்த மாற்றத்தை அதைவிட ஒரு படி மேலாகக் கொண்டாட வேண்டும்.

கடைசியாக, மொய் நோட்டு!
பந்தல் ஓரம் பாய் விரித்து, பித்தளைத் தாம்பாளத்தோடு ஒருவர் உட்காருவார். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். முதல் வரி தாய்மாமனுக்கு. அப்புறம் ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், ஆள் பெயர், தொகை என்று வரிசை ஓடும். காசு இல்லாதவர் கொண்டுவந்த நெல்லும் அதில் ஏறும். வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தே ஆக வேண்டும். வட்டியில்லாத இந்த ஊர்க்கடன்தான் எத்தனையோ ஏழை வீட்டுக் கல்யாணங்களைக் கரையேற்றியது! புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் மொய் வாங்குவதற்கென்றே இன்றும் ‘மொய் விருந்து’ வைக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய மொய் நோட்டு கிடக்கிறதா? தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் வந்தார்கள், இல்லாத காலத்தில் உங்கள் தாத்தா பாட்டிக்கு யார் கைகொடுத்தார்கள் என்பது வேறு எங்கேயும் எழுதப்படவில்லை.