விழுங்கிய செல்லுக்குள் வாழும் கிருமி

கொரோனா காலத்தில் 'ஆன்டிபாடி' என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டது. ஆன்டிபாடி இருந்தால் நோய் அண்டாது என்று அப்போது பலரும் நினைத்தார்கள். காசநோய்க் கிருமியிடம் அந்த நம்பிக்கை பெரிதாகப் பலிக்காது. ஆன்டிபாடி ரத்தத்திலும் சளிச்சவ்வுகளிலும் திரியும் புரதம். வெளியில் அகப்படும் கிருமியைத்தான் அது பிடிக்கும். டி.பி. கிருமி வாழ்வதோ செல்லுக்குள்ளே. அதுவும், கிருமிகளை விழுங்கிக் கொல்வதற்கென்றே நுரையீரலில் இருக்கும் மேக்ரோபேஜ் என்ற செல்லுக்குள்ளே. திருடன் போலீஸ் ஸ்டேஷனிலேயே குடித்தனம் வைத்த கதைதான்.

நோயாளி இருமும்போது பறக்கும் நுண்துளிகள் மூச்சோடு நம் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகின்றன. மேக்ரோபேஜ் கிருமியை விழுங்கி ஒரு சிறு பைக்குள் அடைக்கிறது. அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் என்ற இன்னொரு பை வந்து அதோடு சேர்ந்தால் கிருமி செரித்துப்போகும். பெரும்பாலான கிருமிகளின் கதை அங்கேயே முடியும். டி.பி. கிருமி அந்தச் சேர்க்கையைத் தடுக்கிறது. பையில் அமிலம் ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது. பெருகுவதிலும் அதற்கு அவசரமில்லை. வயிற்றுப்போக்கு தரும் ஈ.கோலை, வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். டி.பி. கிருமிக்குச் சுமார் 20 மணி நேரம் வேண்டும்.

உடம்பு விழித்துக்கொள்வதும் தாமதமாகத்தான். கிருமியின் துணுக்குகள் நிணநீர் முடிச்சுக்குப் போய், அங்கே அவற்றை அடையாளம் காணும் டி செல்கள் பெருகி, நுரையீரலுக்கு வந்து சேர வாரங்கள் ஆகின்றன. தொற்று ஏற்பட்டு இரண்டு முதல் எட்டு வாரம் கழித்தே, தொற்றைக் கண்டறியும் மான்டோ ஊசி போட்ட இடத்தில் கை தடிப்பது இதனால்தான்.

வந்த டி செல்களில் சி.டி.4 என்ற வகைக்கு முக்கிய வேலை. மேக்ரோபேஜ் தன் மேற்பரப்பில் காட்டும் கிருமித் துணுக்கைப் பார்த்ததும் அவை காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்டதும் மேக்ரோபேஜின் போக்கே மாறுகிறது: பையில் அமிலம் ஏறுகிறது, லைசோசோம் வந்து சேர்கிறது, கிருமியைத் தாக்கும் நச்சு மூலக்கூறுகள் உருவாகின்றன. ஆக, கொல்லும் வேலையைச் செய்வது கிருமி குடியிருக்கும் அந்தச் செல்லேதான். அதற்கு வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டியிருக்கிறது. செல்லுக்குள் வாழும் லிஸ்டீரியா என்ற கிருமியை வைத்து 1960-களில் ஜார்ஜ் மக்கானஸ் எலிகளில் செய்த சோதனைகள் இந்தப் பாதையைத் திறந்தன. நோயை வென்ற எலியின் செல்களை இன்னொரு எலிக்கு மாற்றினால் பாதுகாப்பும் கூடப் போனது; ஆன்டிபாடி உள்ள சீரத்தை மாற்றினால் போகவில்லை.

மனிதர்களில் இதற்குச் சாட்சி தொழுநோய். டி.பி. கிருமிக்கு உறவான கிருமிதான் அதற்கும் காரணம். டி செல்கள் வலுவாக வேலை செய்பவருக்குச் சில தேமல்களோடு நோய் அடங்கி நிற்கிறது; கிருமியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு வகை நோயாளிக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி ஏராளம், தோல் முழுக்கக் கிருமியும் ஏராளம். காமா இன்டர்ஃபெரான் பாதையில் பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கோ, தடுப்பூசிக்காக வலுவிழக்கச் செய்த பி.சி.ஜி. கிருமியே உடலெங்கும் பரவும் நோயாகிவிடும்.

டி செல்கள் வந்தும் கிருமி அடியோடு அழிவதில்லை என்பதுதான் சங்கடம். ஆகவே மேக்ரோபேஜ்களும் டி செல்களும் அதைச் சுற்றி நெருங்கி ஒரு சிறு முடிச்சாகத் திரள்கின்றன. மருத்துவர்கள் இதை கிரானுலோமா என்பார்கள். உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு டி.பி. தொற்று ஏற்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாளில் நோயாளியாகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். முடிச்சு குலையாமல் இருக்க டி.என்.எஃப். என்ற இன்னொரு புரதம் தேவை. மூட்டுவாதத்துக்கு அதை முடக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு டி.பி. கிளம்புவது 2001-இல் தெரியவந்தது. இன்று அந்த மருந்தைத் தொடங்கும் முன் டி.பி. பரிசோதனை செய்கிறார்கள்.

அப்படியானால் டி.என்.எஃப். நிறைய இருந்தால் நல்லதா? வரிக்குதிரை மீன்களில் லலிதா ராமகிருஷ்ணன் குழு ஆராய்ந்தபோது, குறைந்தாலும் கெடுதல், மிகுந்தாலும் கெடுதல் என்று தெரிந்தது. மிகுந்தால் மேக்ரோபேஜே வெடித்துச் சாகிறது, உள்ளே இருந்த கிருமி வெளியேறிச் செழிக்கிறது. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று லேபிள் ஒட்டி விற்கும் டப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம், கூட்டப்போவது எதை, எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது.

தடுப்பூசியின் சிக்கலும் இங்கேதான். 1921-இல் முதன்முதலாக மனிதருக்குக் கொடுக்கப்பட்ட பி.சி.ஜி., குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய டி.பி. வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்குமா என்று பார்க்க 1968-இல் செங்கல்பட்டில் பிரம்மாண்டமான ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் கிடைத்த விடை: பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை.

நோய் முற்றும்போது முடிச்சின் நடுப்பகுதி அழிந்து, மசிந்து, மூச்சுக்குழலை உடைத்துக்கொண்டு திறக்கிறது. நுரையீரலில் குழி விழுகிறது. இந்த அழிவில் பெரும்பங்கு கிருமியின் நஞ்சால் வருவதல்ல, நம் எதிர்ப்பின் விளைவு. குழியில் பெருகும் கிருமி இருமலோடு அடுத்த ஆளிடம் போகிறது. எச்.ஐ.வி. முற்றி சி.டி.4 செல்கள் குறைந்தவர்களுக்கு டி.பி. எளிதில் வருகிறது, விரைவில் கொல்கிறது. ஆனால் குழி விழுவது குறைவு. எக்ஸ்ரே சில சமயம் சாதாரணமாகவே தெரியும், மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் சளியிலும் கிருமி தென்படாமல் போகலாம். அவர்களுக்கு 'சளி நெகட்டிவ்' என்ற அறிக்கையோடு நிறுத்திவிடாமல், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் பரிசோதனைகளில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.