ஓர் ஊரைத் தரவுத்தளத்தில் பதிவது எப்படி?

திருப்பனந்தாள் இன்று தஞ்சாவூர் மாவட்டம், திருவிடைமருதூர் வட்டத்தில் உள்ளது. வரலாற்றுத் தரவுத்தளத்தில் ஊருக்கு நேரே மாவட்டத்தை எழுதினால் போதாதா? போதாது. தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், நாகப்பட்டினத்திலிருந்து 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. 1990-இன் ஆவணம் சொல்லும் தஞ்சாவூர் மாவட்டம் இன்றைய எல்லைக்குள் அடங்காது. சோழர் கல்வெட்டுகளோ நாடு, வளநாடு என்றே ஊர்களை அடையாளம் காட்டுகின்றன. வளநாட்டுப் பெயர்கள் பலவும் அரசர் மாற மாற மாறின.

இதனால்தான் பண்பாட்டுத் தரவுகளுக்கான சிடோக் சி.ஆர்.எம். என்னும் ஆன்டாலஜி (கருத்துகளையும் அவற்றின் உறவுகளையும் வரையறுக்கும் மாதிரி), 'இடம்' என்பதை வெளியின் ஒரு பகுதியாக மட்டுமே கொள்கிறது. பெயர் தனி உருப்படி. காலவரம்புள்ள ஆட்சிப் பிரிவும் தனி உருப்படி. இவற்றை உறவுகள் இணைக்கின்றன. அருணஜடேசுவரர் கோயில், தாடகையீச்சரம் ஆகிய இரு பெயர்களும் திருப்பனந்தாளில் உள்ள ஒரே கோயிலோடு சேரும்.

காசி மடம் இன்னும் நல்ல சோதனை. சைவப் புலவர் குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் காசியில் நிறுவிய மடம், பின்னாளில் திருப்பனந்தாளைத் தலைமையிடமாகக் கொண்டது. அதை வரைபடப் புள்ளியாகக் குறித்தால் அதன் காசி வரலாறு முழுவதும் திருப்பனந்தாளுக்கு வந்துவிடும். நிறுவனமாகப் பதிந்து, காலத்தோடு இடங்களை இணைப்பதே சரி.

கல்வெட்டில் மட்டும் எஞ்சிய ஊரையும், இருப்பிடம் தெரியாமலேயே இம்முறையில் பதியலாம்.